செய்முறையைப் பார்த்தால் புரிகிறது, தனியாகப் போட்டால் நின்றுவிடுகிறது: பத்தாம் வகுப்பு இயற்கணிதம் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். இயற்கணிதக் கணக்கின் செய்முறையை நோட்டிலோ கைடிலோ பார்த்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது என்கிறாள். மூடி வைத்துவிட்டு அதே மாதிரி ஒரு கணக்கை வேறு எண்களோடு கொடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடுகிறாள். சொற்கணக்கு என்றால் முதல் வரியே வரவில்லை. டியூஷனை மாற்றுவதா, இன்னும் நிறையக் கணக்குப் போடவைப்பதா?

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவள் சொல்வது உண்மை, அவளுக்குப் புரியத்தான் செய்கிறது. ஆனால் செய்முறையைப் படிக்கும்போது "இந்த வரி சரிதானா?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கணக்கைத் தானே போடும்போது "அடுத்து ஏன் இந்த வரி, ஏன் வேறொன்று இல்லை?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலை எந்தக் கைடும் அச்சிடுவதில்லை. அதனால் நூறு செய்முறைகளைப் பார்த்தாலும் அந்தப் பகுதி காலியாகவே இருக்கும்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நோட்டில் வலது பக்கம் ஒரு கோடு போடு. ஒவ்வொரு வரிக்கும் நேரே, மேல் வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தாய் என்று நாலு சொல்லில் எழுது. "இருபுறமும் 6-ஆல் பெருக்கினேன்", "அடைப்பை விரித்தேன்", "பொதுக்காரணி எடுத்தேன்". முதல் வாரம் சலிப்பாக இருக்கும், வேகம் குறையும். பரவாயில்லை. எந்த வரிக்கு நேரே எழுத ஒன்றும் வரவில்லையோ, அவள் மனப்பாடத்தில் ஓட்டிய வரி அதுதான். சிக்கல் எங்கே என்று நீங்கள் தேட வேண்டியதில்லை, நோட்டே காட்டிவிடும்.

கீழே சில கணக்குகளை அந்த வலப்பக்கக் குறிப்புகளோடு போட்டுக் காட்டுகிறேன். பாடநூலில் எக்ஸ் இருக்கும் இடத்தில் இங்கே "ய" என்று எழுதுகிறேன். பழைய இந்தியக் கணித நூல்களில் தெரியாத எண்ணை "யா" என்ற எழுத்தால்தான் குறித்தார்கள். இரண்டாவது, மூன்றாவது எண்கள் தேவைப்பட்டால் "கா", "நீ" என்று நிறப் பெயர்களின் முதலெழுத்துகள். எழுத்தை மாற்றிப் போட்டுப் பழகுவதில் ஒரு நன்மையும் உண்டு. எக்ஸ் இருந்தால் போட்டுவிடும் பிள்ளை வேறு எழுத்தைக் கண்டதும் தயங்கினால், அது முறையைப் பிடிக்கவில்லை, வடிவத்தைத்தான் பிடித்திருக்கிறது என்று பொருள்.

எளிதானதில் தொடங்குவோம்.

(2ய + 1)/3 − (ய − 4)/2 = 3

பின்னம்தான் தொல்லை. அதை ஒழிப்பதே முதல் வேலை. 3, 2 இரண்டாலும் வகுபடும் சிறிய எண் 6. இருபுறமும், ஒவ்வோர் உறுப்பையும், 6-ஆல் பெருக்குகிறோம்.

2(2ய + 1) − 3(ய − 4) = 18

வலப்பக்கத்து 3-ஐப் பெருக்க மறப்பவர்கள் நிறைய. அதைவிட முக்கியம் அந்த அடைப்புக்குறிகள். பின்னத்தின் கோடு மேலே இருப்பதை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. கோடு போனால் அந்த வேலையை அடைப்புக்குறி செய்ய வேண்டும். அடைப்பில்லாமல் −3ய − 4 என்றோ −3ய − 12 என்றோ எழுதிவிடுவதுதான் இந்த வகைக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு.

4ய + 2 − 3ய + 12 = 18
ய + 14 = 18
ய = 4

சரிபார்க்க: (8 + 1)/3 − 0/2 = 3. சரி. அடைப்பை விட்டு −12 என்று எழுதியிருந்தால் ய = 28 வந்திருக்கும். அதைப் போட்டுப் பார்த்தால் 57/3 − 24/2 = 19 − 12 = 7. மூன்று வர வேண்டிய இடத்தில் ஏழு. அரை நிமிட வேலை, தவறு வெளியே வந்துவிடுகிறது.

இங்கே "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற வாசகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழாம் எட்டாம் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் இதைக் கேட்டிருப்பார்கள். எனக்கு இந்த வாசகத்தின் மேல் உண்மையான வருத்தம் உண்டு. ய + 14 = 18 என்பதில் 14 எங்கேயும் போகவில்லை. இருபுறமும் 14-ஐக் கழித்தோம், இடப்பக்கம் அது பூச்சியமாகிவிட்டது, வலப்பக்கம் 18 − 14 ஆனது, அவ்வளவுதான். "போனது" என்று நம்பும் பிள்ளை 3ய = 12 என்று வந்ததும் 3-ஐயும் அனுப்பிவைக்கிறது: ய = 12 − 3 என்று ஒருவர், ய = 12/(−3) என்று இன்னொருவர். விதியைக் கேட்டபடிதான் செய்திருக்கிறார்கள், விதிதான் பாதி சொல்கிறது. "இருபுறமும் 3-ஆல் வகுத்தேன்" என்று வலப்பக்கம் எழுதப் பழகியவருக்கு இந்தத் தவறு வருவதே இல்லை. உங்கள் மகள் அந்த வாசகத்தைச் சொன்னால், "இருபுறமும் என்ன செய்தாய்?" என்று ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேளுங்கள். வீட்டில் கணிதம் தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்வி இது.

இனி பத்தாம் வகுப்பில் எடை அதிகமான இடம், இருபடிச் சமன்பாடு. ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

6ய² − 7ய − 20 = 0

வகுப்பில் சொல்லித்தரும் முறை: முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கு, −120. பெருக்கினால் −120, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடி. 8, −15. நடு உறுப்பைப் பிரி.

6ய² + 8ய − 15ய − 20 = 0
2ய(3ய + 4) − 5(3ய + 4) = 0
(3ய + 4)(2ய − 5) = 0

இரண்டு எண்களின் பெருக்கல் பூச்சியம் என்றால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தாக வேண்டும். ஆகவே ய = −4/3 அல்லது ய = 5/2.

பிள்ளைகள் இதில் மூன்று இடங்களில் காரணம் தெரியாமல் நடக்கிறார்கள். முதலாவது, ஏன் 6-ஐயும் −20-ஐயும் பெருக்க வேண்டும்? விடையிலிருந்து பின்னோக்கி நடந்தால் தெரியும். (3ய + 4)(2ய − 5) என்பதை விரித்தால் நடுவில் இரண்டு உறுப்புகள் வருகின்றன: 3 × (−5), 4 × 2, அதாவது −15, 8. இந்த இரண்டையும் பெருக்கினால் 3 × (−5) × 4 × 2. அதையே மாற்றி அடுக்கினால் (3 × 2) × (4 × −5) = 6 × (−20). நான்கே எண்கள், வேறு வேறு ஜோடியாகச் சேர்ந்திருக்கின்றன. இந்த ஒரு வரியை ஒருமுறை தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை பிறகு "எதை எதோடு பெருக்குவது" என்று குழம்புவதில்லை.

இரண்டாவது, பூச்சியம் ஏன்? (ய − 2)(ய − 3) = 6 என்று கொடுத்தால் ய − 2 = 6, ய − 3 = 6 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பெருக்கி 6 வர எத்தனையோ வழி உண்டு: 1 × 6, 2 × 3, ½ × 12. பெருக்கி பூச்சியம் வர ஒரே வழிதான். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து மறுபக்கம் பூச்சியம் வைப்பது இந்த வசதிக்காகத்தான்.

மூன்றாவதுதான் உண்மையில் பிள்ளைகளை நிறுத்துகிறது: அந்த 8, −15 எங்கிருந்து வந்தன? கைடில் திடீரென்று தோன்றுகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் சட்டென்று எழுதிவிடுகிறார். பிள்ளை தன்னால் "பார்த்ததும் சொல்ல முடியவில்லை" என்று நினைத்து, தனக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கு வருகிறது. இந்த ஒரு படியில் இத்தனை பிள்ளைகளை இழக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊகம் இல்லாமல் கண்டுபிடிக்க முறை இருக்கிறது.

இரண்டு எண்களின் கூடுதல் −7. அப்படியானால் அவற்றின் சராசரி −3.5. ஆகவே ஓர் எண் சராசரிக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, மற்றது அதே அளவு கீழே. அந்த அளவை "த" என்போம். எண்கள் −3.5 + த, −3.5 − த. பெருக்கினால், எல்லோருக்கும் தெரிந்த (அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ² என்ற முற்றொருமைப்படி,

12.25 − த² = −120
த² = 132.25
த = 11.5

எண்கள் −3.5 + 11.5 = 8, −3.5 − 11.5 = −15. முடிந்தது. காரணிகளைத் துருவித் தேட வேண்டாம். பெரிய எண்களில் இதன் அருமை தெரியும். 2880, 17280 என்று வரும்போது காரணி தேடி ரஃப் பக்கம் நிறைந்துவிடும்.

இன்னொன்றும் இதில் கிடைக்கிறது. மேலே செய்ததை எண்கள் இல்லாமல், கெழுக்களை முறையே க, ச, ட என்று வைத்துச் செய்து பாருங்கள். கூடுதல் ச, பெருக்கல்பலன் கட. த² = ச²/4 − கட. இதை நான்கால் பெருக்கினால் ச² − 4கட. பாடநூலில் தன்மைகாட்டி என்று வருவது இதுவேதான்! காரணிப்படுத்தல் ஒரு முறை, சூத்திரம் வேறொரு முறை என்று பிள்ளைகள் தனித்தனியாகப் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை. தன்மைகாட்டி முழுவர்க்கமாக இருந்தால் த சுத்தமாக வரும், காரணிகள் விகிதமுறு எண்களில் அமையும். முழுவர்க்கம் இல்லையென்றால் மூலக்குறி ஒட்டிக்கொண்டே வரும், எவ்வளவு தேடினாலும் முழு எண்கள் கிடைக்காது. எதிர்க்குறி வந்தால் மெய்யெண் விடை இல்லை. எனவே பொதுத்தேர்வில் காரணி கிடைக்கவில்லையே என்று ஐந்து நிமிடம் போராடுவதற்கு முன் தன்மைகாட்டியைக் கணக்கிடச் சொல்லுங்கள். 6ய² − 7ய − 20-க்கு 49 + 480 = 529, அது 23-இன் வர்க்கம். காரணி நிச்சயம் உண்டு என்று தெரிந்துகொண்டு தேடலாம்.

இந்தப் பாதி எடுக்கும் உத்தி மிகப் பழையது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் முதல் கணக்கே இதுதான். வயது ஏறக்குறைய 3,700, 3,800 ஆண்டுகள். ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால், பக்கம் என்ன? செய்முறை: ஒன்றில் பாதி அரை, அதன் வர்க்கம் கால், முக்காலோடு கூட்டினால் ஒன்று, அதன் வர்க்கமூலம் ஒன்று, அதிலிருந்து அரையைக் கழி, அரை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி இதைப் படமாகவே வரைந்து காட்டினார். ய² + 10ய = 39. பக்கம் ய உள்ள ஒரு சதுரம்; அதன் இரண்டு பக்கங்களில் 5 அகலத்தில் இரண்டு செவ்வகங்கள்; மூலையில் 5-க்கு 5 ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த 25-ஐ நிரப்பினால் முழுச் சதுரம், பரப்பு 39 + 25 = 64, பக்கம் 8, ஆகவே ய = 3. வர்க்கப் பூர்த்தி முறை என்று பாடத்தில் வருவதன் பொருள் இந்தப் படத்தில் இருக்கிறது. "ய-இன் கெழுவில் பாதியை எடுத்து வர்க்கப்படுத்திக் கூட்டு" என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதை ஒரு கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டுங்கள். பாதி ஏன் என்று கேட்கவே மாட்டாள், செவ்வகத்தை இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டதால்தான் பாதி.

முதல் கெழு ஒன்றாக இல்லாதபோது வர்க்கப் பூர்த்தியில் பின்னங்கள் பெருகி எரிச்சல் தரும். அதற்குப் பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் விதி பிழைத்தது. முதல் கெழுவின் நான்கு மடங்கால் இருபுறமும் பெருக்கு, நடுக்கெழுவின் வர்க்கத்தை இருபுறமும் கூட்டு. நம் கணக்கில்:

6ய² − 7ய = 20
144ய² − 168ய = 480 (இருபுறமும் 24-ஆல்)
144ய² − 168ய + 49 = 529 (இருபுறமும் 49 கூட்டி)
(12ய − 7)² = 23²
12ய − 7 = 23 அல்லது −23
ய = 30/12 = 5/2 அல்லது ய = −16/12 = −4/3

ஒரு பின்னம்கூட நடுவில் வரவில்லை. சூத்திரத்தை மறந்துவிட்டால் தேர்வறையில் இரண்டே வரியில் இப்படி மீட்டுக்கொள்ளலாம். பாடநூல் முறையில் செய் என்று வினாவில் குறிப்பிட்டிருந்தால் மட்டும் அந்த முறையிலேயே எழுதட்டும்.

அடுத்தது, எந்தப் படி பாதுகாப்பானது, எது ஆபத்தானது என்ற அறிவு. இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், பூச்சியமல்லாத எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். அந்த வரியிலிருந்து மேல் வரிக்குத் திரும்பியும் வரலாம், விடை கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் மூன்று படிகள் அப்படியல்ல.

ய² = 5ய. இருபுறமும் ய-ஆல் வகுத்து ய = 5 என்று எழுதினால் ஒரு விடை தொலைந்துபோகிறது. ய பூச்சியமாகவும் இருக்கலாம், பூச்சியத்தால் வகுக்க முடியாது. ய² − 5ய = 0, ய(ய − 5) = 0 என்று போனால் இரண்டும் கிடைக்கும்.

ய²/(ய − 3) = 9/(ய − 3). இருபுறமும் (ய − 3)-ஆல் பெருக்கினால் ய² = 9, ய = 3 அல்லது −3. ஆனால் 3 போட்டால் பகுதி பூச்சியம், கணக்கே பொருளற்றுப்போகிறது. −3 மட்டுமே விடை. இங்கே வேண்டாத விடை ஒன்று உள்ளே வந்துவிட்டது.

√(ய + 7) = ய − 5. வர்க்கப்படுத்தினால் ய + 7 = ய² − 10ய + 25, அதாவது ய² − 11ய + 18 = 0, ய = 9 அல்லது 2. ஒன்பது போட்டால் √16 = 4, சரி. இரண்டு போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது 3-க்கும் −3-க்கும் வேறுபாடு அழிந்துவிடுகிறது, அதனால்தான் 2 நுழைந்தது.

இந்த மூன்றையும் உங்கள் மகள் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. வலப்பக்கக் குறிப்பில் "வர்க்கப்படுத்தினேன்" என்றோ "ய உள்ள கோவையால் பெருக்கினேன்" என்றோ எழுத நேர்ந்தால், அந்தக் கணக்கில் கடைசியில் விடையைப் போட்டுப் பார்ப்பது கட்டாயம். மற்றவற்றில் அது பழக்கம்.

சுருக்குவதில் வரும் தவறுகளுக்கு ஒரே மருந்து போதும். (ய + 6)/6 = ய என்று அடித்துவிடுகிறாளா? ய-க்கு 6 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 12/6 = 2, ஆறு இல்லை. (அ + ஆ)² = அ² + ஆ² என்கிறாளா? 3, 4 போடட்டும்: 49, 25. "இது தப்பு" என்று நாம் சொல்வதைவிட எண் சொல்வது நன்றாகப் பதியும். ஆனால் சோதிக்க 0, 1, 2 வேண்டாம், தவறான சமன்களும் அவற்றில் தற்செயலாகச் சரியாகிவிடும்.

இப்போது சொற்கணக்கு. "முதல் வரியே வரவில்லை" என்று சொன்னீர்கள். அதில் வியப்பில்லை. மற்றக் கணக்குகளில் சமன்பாட்டைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறார்கள், இங்கே சமன்பாட்டையே நாம் எழுத வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பேருந்து 240 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 12 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால் 1 மணி நேரம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். பேருந்தின் வேகம் என்ன?

எக்ஸ் என்க என்று தொடங்குவதற்கு முன், ஒரு விடையை ஊகித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் 40 என்று வைத்துக்கொள். நேரம் 240/40 = 6 மணி. கூடுதல் வேகம் 52, நேரம் 240/52, நாலரை மணிக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி, ஆனால் ஒன்று வர வேண்டும். ஊகம் தவறு. பரவாயில்லை, ஏனென்றால் இப்போது அவள் செய்தது முழுவதையும் திருப்பி எழுதினால் அதுவே சமன்பாடு. 40 இருந்த இடத்தில் "வே":

240/வே − 240/(வே + 12) = 1

ஊகித்துச் சரிபார்ப்பதில் என்னென்ன வகுத்தோம், எதிலிருந்து எதைக் கழித்தோம், எதோடு ஒப்பிட்டோம் என்பதெல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பெரிய நேரத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும், வேகம் குறைந்தால் நேரம் கூடும் என்பதும் எண்ணோடு பார்த்ததால் தெளிவாக இருக்கிறது. இந்த இடத்தில் உறுப்புகளை மாற்றி எழுதி எதிர்க்குறியில் மாட்டிக்கொள்பவர்கள் மிக அதிகம். சொற்கணக்கில் முதல் வரி வராத எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்வது இந்த ஒரே வழிதான், இதுவரை இதைவிட நல்லதை நான் காணவில்லை.

இருபுறமும் வே(வே + 12)-ஆல் பெருக்க:

240(வே + 12) − 240வே = வே(வே + 12)
2880 = வே² + 12வே
வே² + 12வே − 2880 = 0

பாதி எடுக்கும் முறைப்படி, இம்முறை நேரடியாக மூலங்களையே, அதாவது விடைகளையே, தேடுவோம். முதல் கெழு 1 என்பதால் அவற்றின் கூடுதல் நடுக்கெழுவைக் குறி மாற்றிய −12, பெருக்கல்பலன் −2880. சராசரி −6. 36 − த² = −2880, த² = 2916, த = 54. வே = 48 அல்லது −60. வேகம் எதிர்க்குறியாகாது, எனவே மணிக்கு 48 கி.மீ. சரிபார்க்க: 240/48 = 5, 240/60 = 4, வித்தியாசம் 1.

இதே கணக்கை நேரத்தைத் தெரியாத எண்ணாக வைத்துப் போட்டால் என்ன ஆகும்? வழக்கமான நேரம் "நே". தூரம் = வேகம் × நேரம்:

(240/நே + 12)(நே − 1) = 240
240 − 240/நே + 12நே − 12 = 240
12நே² − 12நே − 240 = 0 (240-ஐ நீக்கி, நே-ஆல் பெருக்கி)
நே² − நே − 20 = 0
(நே − 5)(நே + 4) = 0

நே = 5, வேகம் 48. 2880 எங்கே, 20 எங்கே! கேட்டது வேகம் என்பதால் வேகத்தைத்தான் மாறியாக வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. மாறியைத் தேர்ந்தெடுப்பதும் கணக்குப் போடுபவரின் உரிமை. கேட்டதைக் கடைசியில் கண்டுபிடித்து எழுதினால் போதும். எழுத மறந்து 5 என்று முடித்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த −60-ஐ ஒருமுறை உற்றுப் பாருங்கள். வே = −60 என்றால் வே + 12 = −48. அதே 60, அதே 48, இடம் மாறி, குறி மாறி. 240/(−60) − 240/(−48) = −4 + 5 = 1. சமன்பாட்டுக்குப் பேருந்து தெரியாது, எண்கள்தான் தெரியும். அந்த நிபந்தனையை நிறைவு செய்யும் எல்லா எண்களையும் கொடுத்துவிடுகிறது. எது பேருந்துக்குப் பொருந்தும் என்று சொல்வது நம் வேலை.

"எதிர்க்குறி வந்தால் தள்ளிவிடு" என்று இதை ஒரு விதியாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது போதாது என்பதற்குப் பாஸ்கரரின் குரங்குக் கணக்கு நல்ல சான்று. ஒரு கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, மீதியை வர்க்கப்படுத்திய எண்ணிக்கையில் குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒரு குரங்கு மட்டும் வெளியே தெரிகிறது. மொத்தம் எத்தனை?

(ய/5 − 3)² + 1 = ய
ய² − 55ய + 250 = 0
ய = 50 அல்லது 5

இரண்டும் நேர்க்குறி, இரண்டும் முழு எண். 50 என்றால் 10 − 3 = 7, வர்க்கம் 49, வெளியே ஒன்று, சரி. 5 என்றால் 1 − 3 = −2. வர்க்கம் 4 ஆகிவிடுவதால் சமன்பாடு ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஒரு குரங்கிலிருந்து மூன்றைக் கழிக்க முடியாது. பாஸ்கரர் இந்த 5-ஐப் பொருந்தாது என்று ஒதுக்கினார். விடையைச் சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது, கேள்வியின் வாக்கியத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தாலும் இந்தச் சோதனையில்தான் தெரியவரும்.

மூன்று மாறிகள் கொண்ட நேரிய சமன்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிந்தனை குறைவு, ஒழுங்கு அதிகம் தேவை. சமன்பாடுகளுக்கு எண் கொடுத்து, எதிலிருந்து எதைக் கழித்தாள் என்று எழுதட்டும். இரண்டு முறையும் அதே மாறியை நீக்கட்டும். கடைசியில் 0 = 0 வந்தால் எண்ணற்ற தீர்வுகள், 0 = 5 போல வந்தால் தீர்வே இல்லை. இவை பிழையல்ல, விடைகள்.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளின் 100 மதிப்பெண்ணில் 50 ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கானது, அவற்றில் படிக்குப் படி மதிப்பெண் உண்டு. கடைசி விடை தவறினாலும் சமன்பாடு சரியாக அமைந்திருந்தால் அதற்குரியது கிடைக்கும். மனத்துக்குள் நாலு படி தாண்டி விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே இழக்கிறார்கள். வலப்பக்கக் குறிப்பு எழுதிப் பழகியவர் படியை விழுங்குவதில்லை. இருபடிச் சமன்பாட்டில் விடையைச் சோதிக்க விரைவான வழியும் இருக்கிறது: மூலங்களின் கூடுதல், பெருக்கல்பலன். முன்பு வந்த 5/2, −4/3 இரண்டையும் கூட்டினால் 7/6, பெருக்கினால் −20/6. சமன்பாடு 6ய² − 7ய − 20. பார்த்ததுமே பொருந்துகிறது.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். இப்போது போகும் இடத்தில் "ஏன் இந்தப் படி?" என்று கேட்டால் பதில் சொல்கிறார்கள் என்றால் மாற்ற வேண்டாம். "இப்படித்தான் போடணும்" என்பதே பதிலாக வந்தால் யோசியுங்கள். கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரு நாளில் இருபது கணக்கை ஒரே அச்சில் போடுவதைவிட, மூன்று கணக்கை ஒவ்வொன்றும் இரண்டு வழியில் போடுவது நல்லது.

தொடங்குவதற்கு இதைக் கொடுங்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் சுற்றுலாவுக்காக ரூ. 3600-ஐச் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக முடிவு செய்தார்கள். 5 பேர் வரவில்லை. அதனால் மற்றவர்கள் தலைக்கு ரூ. 24 கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலில் எத்தனை பேர் வருவதாக இருந்தது? முதலில் 20 பேர் என்று ஊகித்துச் சரிபார்க்கட்டும், பிறகு அந்தச் சரிபார்ப்பையே சமன்பாடாக எழுதட்டும். ஒருமுறை ஆட்களின் எண்ணிக்கையை மாறியாகவும், இன்னொருமுறை தலைக்கு உரிய பணத்தை மாறியாகவும் வைக்கட்டும். முதல் வழியில் மாறிலி −750, இரண்டாவது வழியில் −17280 வரும். விடை 30 பேர். தலைக்கு 120 ஆக இருந்தது 144 ஆகிறது. இரண்டில் எது எளிதாக வந்தது, ஏன் என்று அவளையே வலப்பக்கம் எழுதச் சொல்லுங்கள்.